திரி வைக்கும் முன்

வெடி வெடித்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. இருளாண்டி இன்னும் ஓரிடத்தில் நிலையாக உட்காரவில்லை. உட்கார்ந்தால் தொடை ஆடியது. நின்றால் கை மடியைத் தடவித் தீப்பெட்டியைத் தேடியது. தீப்பெட்டியை மானேஜர் முருகப்பன் நேற்றே வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்னவாசலுக்கு மேற்கே, சமஸ்தானக் காலத்தில் வெட்டத் தொடங்கிய கல்குவாரி அது. பாறையில் வெடிமருந்து கெட்டித்துத் திரிக்குத் தீ வைப்பது இருளாண்டியின் வேலை. அவன் வைத்த வெடியில் ஓர் ஆட்டுக்குட்டிகூட அடிபட்டதில்லை. முந்தாநாள் சாயங்காலம் அம்மி கொத்தும் ராக்கன் அடிபட்டான். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவன் இன்னும் கண் திறக்கவில்லை.

"ஏன்டா இங்கிட்டும் அங்கிட்டும் நடந்துக்கிட்டே இருக்கே? பாறை தேஞ்சிரும்" என்றார் முருகப்பன்.

"உக்கார முடியலங்க."

"அதிகாரி வந்ததும் ஒரே வார்த்தை. கவனிக்காம வச்சுட்டேன்னு சொல்லிரு. இல்லேன்னா குவாரிய மூடிப்பிடுவாங்க. அத்தனை குடும்பமும் ஒன்னையத்தான் மண்ணள்ளித் தூத்தும்."

"எனக்கு என்னங்க ஆகும்?"

"கேஸு வரும். வக்கீலுக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

அப்படிச் சொல்லிவிட்டால் இனி எந்தக் குவாரியிலும் அவன் கையில் திரியைக் கொடுக்க மாட்டார்கள். வேறு வேலை அவனுக்குத் தெரியாது. அதைவிட வேறொன்று அவனை அரித்தது. எல்லாரும் ஏறிய பிறகு ராக்கன் எப்படிக் குழிக்குள் இருந்தான்? அது தெரியாமல் போனால் நாளைக்கு இன்னொருவன் வைக்கிற வெடியிலும் இதே நடக்கும்.

சுரங்க அதிகாரி செபமாலை வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. இளவயதுக்காரர். கல்தூசி ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டே இருந்தார்.

"கவனக்குறைவுங்க சார். ஆளே ஒத்துக்கிட்டான்" என்று முருகப்பன் இளநீரை நீட்டினார்.

"எதைக் கவனிக்கல?"

முருகப்பன் இளநீரை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அதிகாரி இருளாண்டியிடம் திரும்பினார்.

"தினம் என்ன செய்வீங்களோ, மொதல்ல இருந்து சொல்லுங்க."

"மருந்தைக் கெட்டிச்சு முடிச்சா மேல கொடி ஏறும் சார். தண்டவாளத் துண்டை மணியா அடிப்பாங்க. எல்லாரும் ஏறிப்போயிப் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவாங்க. அப்பறம் மருதாயி ஒவ்வொரு பேராக் கூப்பிடும். ஆளுக கொரல் குடுப்பாங்க. கடைசியா என் பேரு. என் பேரு வந்துட்டா குழியில வேற ஆளில்லேன்னு அர்த்தம். திரியப் பத்தவச்சுட்டு நானும் ஓடிருவேன்."

"ராக்கனுக்கு மணி ஏன் கேக்கல?"

கல் உடைக்கும் பழனிச்சாமி முன்னால் வந்தான். "அந்தப் பாறை முட்டுக்கு அங்கிட்டு அம்மிக்கல்லு கொத்திக்கிட்டு இருந்தான் சார். உளிச் சத்தத்துல இடி விழுந்தாலும் கேக்காது. ஏறுனாலும் தெக்குப் பக்கமா ஏறி அங்கேயே ஒளிஞ்சுக்குவான். எங்க கண்ணுல படமாட்டான்."

"மணி கேக்கல, சரி. பேரைக் கூப்பிட்டப்போ பதில் வந்திருக்காதே. அப்பறம் ஏன் திரி வச்சீங்க?"

"என் பேரு வந்துச்சு சார்" என்றான் இருளாண்டி. அவனுக்கே அது போதவில்லை.

எல்லாரும் மருதாயியைப் பார்த்தார்கள். அவள் ராக்கனின் மனைவி. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்து நேரே வந்திருந்தாள். குவாரியில் சல்லி உடைப்பவள். அவள் குரல் ரோடு வரைக்கும் எட்டும் என்பதால் பேர் கூப்பிடும் வேலையையும் முருகப்பன் அவளிடமே விட்டிருந்தார்.

"எப்பயும் போலத்தான் கூப்பிட்டேன் சார்" என்றாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மருந்து வேணாம். அன்னிக்கு நின்ன எடத்துல போய் நில்லுங்க. செஞ்சதை அப்படியே செய்யுங்க."

"கூத்துக்கு வேஷங்கட்டச் சொல்றாருப்பா" என்றான் பழனிச்சாமி. "எனக்கு ராசா வேஷம் குடுங்க சார்."

ஒருத்தி சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கொடி புடிக்கிற இன்னாசியம்மா இல்லீங்களே சார்" என்றார் முருகப்பன். "ஆவூர்த் தேருக்குப் போனவ. அன்னிக்கும் வரல."

"அன்னிக்குக் கொடிய யார் புடிச்சது?"

"ஒரு கம்புல கட்டி நட்டு வச்சேன். கொடிதானே சார்."

"அதே மாதிரி நடுங்க."

இருளாண்டி குழிக்குள் இறங்கினான். வெடித்த பாறை வெள்ளையாய் வாய் பிளந்து கிடந்தது. இரத்தம் விழுந்த இடத்தில் யாரோ தூசியை வாரிப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் குந்தினான். மேலே கம்பில் கட்டிய கொடி படபடத்தது. மணி அடித்தது. கால்கள் ஏறி ஓடின. பிறகு மருதாயியின் குரல் வந்தது.

"பழனிச்சாமீ..."

"ஓ!"

"கருப்பா..."

"ஓ!"

"திருப்பதீ..."

"ஓ!"

ஒரு மூச்சு விடும் நேரம் சத்தமில்லை.

"இருளாண்டியண்ணே..."

அவன் கை தானாக மடிக்குப் போனது. இல்லாத தீப்பெட்டியைத் தேடியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திருப்பதிக்கும் தன் பேருக்கும் நடுவில் தினமும் ஒரு மெல்லிய குரல் வரும். இன்னாசியம்மாள் குரல். ஒரே ஒரு பேரை மட்டும் அவள் கூப்பிடுவாள். ஏன் அந்த ஒரு பேருக்கு மட்டும் வேறு குரல் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. தன் பேர் எப்போது வரும் என்பதிலேயே அவன் காது இருந்தது.

மேலே ஏறி வந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன கண்டீங்க?" என்றார் அதிகாரி.

சொன்னால் அவன் தப்பிக்கலாம். ஆனால் பொழுது சாய்வதற்குள், பெண்டாட்டியே புருஷனைத் தின்றாள் என்று ஊர் பேசும். மருதாயி கால் கட்டைவிரலால் சல்லியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆளை எண்ணியிருக்கணும் சார். நான் எண்ணல" என்றான்.

"நான்தான் அப்பவே சொன்னேனே சார்!" என்றார் முருகப்பன்.

"அண்ணே, நீங்க ஏன் செமக்குறீக?" மருதாயி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "சார், அவுக பேரை நான் சொல்றதில்ல. கட்டுனவுக பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்பாக. அந்த எடம் வந்தா நிறுத்துவேன். கொடியோட பக்கத்துல நிக்கிற இன்னாசியக்கா எனக்காகக் கூப்பிடும். அன்னிக்கும் நிறுத்துனேன். கொடி ஆடுச்சு. அக்கா நிக்கிற மாதிரியே இருந்துச்சு. பழக்கத்துல அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டேன்."

பழனிச்சாமி தலைத்துண்டை அவிழ்த்தான்.

"பாத்தீங்களா சார், பொம்பள பண்ணுன..." என்று முருகப்பன் தொடங்கினார்.

"புருஷன் குழிக்குள்ள எறங்குறவன்னு தெரிஞ்சும் இவங்ககிட்ட இந்த வேலையக் குடுத்தது யாரு?" என்று அதிகாரி இடைமறித்தார். "இன்னாசியம்மாவுக்குப் பதிலா ஆளை நிறுத்தாமக் கம்பை நட்டது யாரு?"

முருகப்பன் கம்பைப் பார்த்தார்.

இருளாண்டியின் தொடை ஆட்டம் நின்றிருந்தது.

"அம்மா, நீங்க போய் ஒக்காருங்க" என்றார் அதிகாரி. "இனிமே வேற ஆளு கூப்பிடட்டும். அன்னிக்கு விட்டுப்போன பேரை நானே எழுதிக்கிறேன், நீங்க சொல்ல வேணாம்."

"வேணாம் சார். அன்னிக்கு நான் கூப்பிட வேண்டிய பேரு அது."

அவள் உட்காரவில்லை. தினமும் நிற்கிற பாறைமேல் ஏறினாள். புதுக்கோட்டை இருக்கிற திசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு குழியின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, ரோடு வரைக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ராக்கா..."