எழுந்து நின்றவர்

மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போவதற்கு முந்தின வாரம் முழுக்க அந்த வீட்டில் ஒரு நாடகம் நடந்தது. தம்பிதான் நீதிபதி. தண்ணீர் கேன் போடும் வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்து, சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொள்வான். எதிரே அக்காவின் கணவர், தெருவே பட்டாளத்தார் என்று கூப்பிடுகிறவர், கைத்தடியை ஊன்றியபடி உட்கார்ந்திருப்பார். உடம்பு எப்படி இருக்கிறது என்று நீதிபதி கேட்பார். பரவாயில்லை என்பார் பட்டாளத்தார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

"பரவாயில்லைன்னா அப்புறம் எதுக்குங்க கேஸு? வலிக்குதுன்னு சொல்லுங்க. வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்க?"

"வலிக்குதுதான். அதைப் போய் நாலு பேர் மத்தியில எப்படிச் சொல்றது?"

"நாலு பேர் எங்க மாமா இருக்காங்க? நான் ஒருத்தன்தான். அதுவும் உங்க மச்சினன். என்கிட்டயே வெட்கமா?" என்பான் தம்பி.

மூன்று பேரும் சிரிப்பார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

பட்டாளத்தில் இருந்தபோது மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து அவருக்கு முதுகில் அடிபட்டது. கூட வந்தவர்களை இழுத்து வெளியே போட்டவர், தன் முதுகைப் பற்றி மூச்சு விடவில்லை. வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனையில் அதிகாரி கேட்பார். இவர் நெஞ்சை நிமிர்த்தி ஒன்றுமில்லை சார் என்பார். அங்கே யாரும் வேறு பதில் சொல்லிப் பழகியதில்லை. வீட்டுக்கு வந்து சில வருஷம் கழித்து முதுகு தானே பேச ஆரம்பித்தது. கால் மரத்தது, கைத்தடி வந்தது. உடல் ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்டு எழுதினால், அடிபட்டதற்குப் பதிவே இல்லை என்று திருப்பிவிட்டார்கள். கேஸை எடுத்துக்கொண்ட வக்கீலம்மா விடவில்லை. அன்றைக்கு லாரியிலிருந்து இவர் இழுத்துப் போட்டவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துச் சாட்சி வாங்கினார். அடிபட்டது இனி நிச்சயம், இப்போது இவர் எவ்வளவு முடியாமல் இருக்கிறார் என்பதை மன்றம் கண்ணால் பார்த்து நம்பினால் போதும் என்றார்.

ஓய்வூதியம் கிடைத்தால் துணைக்கு ஆள் வைத்துக்கொள்வதற்கான படித்தொகையும் சேர்ந்து வரும். ஆளென்ன ஆள், அக்காவே வீட்டில் இருந்துவிடலாம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்குக் காலை ஷிப்ட். ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறாள், குளியலறை ஈரத்தரையில் இவர் கிடக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டம்மாள் இருந்திருக்கிறாள். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பாள்.

"கூப்பிட வேண்டியதுதானே?"

"அவங்க துணி காயப் போட்டுட்டு இருந்தாங்க. எதுக்குத் தொந்தரவு?"

அன்றிலிருந்து அவள் கை சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும், மனசு குளியலறை வாசலில் நிற்கும்.

மன்றத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நீதிபதி, ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் ராணுவத்தில் உயர்ந்த பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி. அவர் இருப்பது நல்லதுதான், சிப்பாய் பட்ட பாடு தெரிந்தவர் என்று வக்கீலம்மா காதோடு சொன்னார். கையில்லாத நாற்காலியிலிருந்து இவரால் எழ முடியாது என்று அவள் சொன்னதால், கை வைத்த நாற்காலி ஒன்றைப் பக்கத்து அறையிலிருந்து கொண்டுவந்து போட்டார்கள். அவளைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னார்கள்.

நீதிபதி கேட்டதற்கெல்லாம் பட்டாளத்தார் சொல்லிக்கொடுத்தபடியே பதில் சொன்னார். வலி இருக்கிறது என்றார். தூக்கம் இல்லை என்றார். குளிப்பாட்டுவது யார் என்று டாக்டர் கேட்டபோது மட்டும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு, வீட்டுக்காரி என்றார். வக்கீலம்மா திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

அதுவரை பேசாமலிருந்த அதிகாரி நிமிர்ந்தார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அது உத்தரவு போட்டே பழகிய குரல்.

"எந்த ரெஜிமெண்ட்டுப்பா நீ?"

கைத்தடி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பட்டாளத்தார் நாற்காலியின் கையைத் தொடாமலேயே எழுந்து நின்றுவிட்டார். குதிகால் இரண்டும் சேர்ந்திருந்தன, முதுகு கம்பி மாதிரி நின்றது. ரெஜிமெண்ட்டின் பெயரையும் தன் எண்ணையும் சொன்னார். அதிகாரியின் முகம் மாறியது. உட்காரச் சொல்ல வந்தாரோ என்னவோ, பழக்கத்தில் வாயில் வேறு கேள்வி வந்துவிட்டது.

"உடம்பெல்லாம் எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்கேன் சார்."

மேசை மறைத்ததால் அந்த மூவருக்கும் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தது. பின்னாலிருந்த அவளுக்குக் கால்சட்டை நடுங்குவது தெரிந்தது. "ஐயா, அவர் காலைப் பாருங்க" என்று எழுந்தாள். மனுதாரரே பேசட்டும் என்று நீதிபதி கையமர்த்தினார். இது பட்டாளத்துப் பழக்கம், பதில் இல்லை என்று வக்கீலம்மா வாதாடினார். நீதிபதி குறித்துக்கொண்டார். உட்காரும்படி இரண்டு தடவை சொன்னார். பட்டாளத்தார் உட்காரவில்லை. அதிகாரி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பை வாசித்தார்கள். அடிபட்டது உண்மை என்று ஏற்கிறார்கள். ஆனால் துணையோ தடியோ இல்லாமல் எழுந்து நின்றதையும், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அவர் வாயாலேயே சொன்னதையும் ஒதுக்கிவிட முடியவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி. மூவரில் ஒருவர் இதற்கு உடன்படவில்லை என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியைத் திரும்பப் போடவேயில்லை.

இதற்கு மேலும் ஒரு கோர்ட் இருக்கிறது, வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார் வக்கீலம்மா. பட்டாளத்தாரால் தாழ்வாரத்து பெஞ்சிலிருந்து எழ முடியவில்லை. தம்பி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகத் தூக்கி, வேன்வரை நடத்திக்கொண்டு போனார்கள்.

வேன் கிளம்பியதும் அவள் கோபமாகக் கேட்டாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"அவர் கேட்டாரே. அவர்கிட்ட போய் நான் என்னன்னு சொல்றது?"

அதற்கு மேல் அவளால் திட்ட முடியவில்லை. பின்னால் காலி கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. தம்பி பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினான். பெரிய சாலைக்கு வந்ததும் அவள் அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க. உடம்பு எப்படி இருக்கு?"

"வலிக்குது," என்றார். "இடுப்புக்குக் கீழ மரத்துப் போகுது. ராத்திரி தூக்கம் இல்ல. பிடிமானம் இல்லாம எழுந்திருக்க முடியல. நீ கிளம்பிப் போனதும் பயமா இருக்கு."

வாரம் முழுக்கப் பாடம் பண்ணியதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். கடைசியில் சொன்னது மட்டும் அவள் சொல்லிக்கொடுத்தது இல்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் தம்பியிடம் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டாள். நாளைக்குக் காலை ஷிப்ட், இவர் விழுந்தால் அடுத்த வீட்டம்மாளாவது கதவைத் தள்ளி உள்ளே வர முடிய வேண்டும். அதற்குள் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட வேண்டும்.