நூற்றில் தொண்ணூற்றாறு

என் அப்பா சிரிலுக்கும் விக்தோருக்கும் பேச்சு நின்று இருபது வருஷம் ஆகிறது. மரச்சாமான் தொழிற்சாலையில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். விக்தோருக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அப்பாதான். இருவரும் ஓய்வு பெற்ற அன்றோடு எல்லாம் முடிந்தது. ஏன் என்று கேட்டால், "அவன் பெரிய ஆளு" என்பார் அப்பா. விக்தோரின் மனைவி இறந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. நாளை விக்தோருக்குப் பிறந்தநாள் விருந்து. அவரே போன் செய்து கூப்பிட்டார். அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். இந்த வீம்பைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அந்த எரிச்சலோடுதான் தலைநகர் லியூப்லியானாவிலிருந்து வந்திருந்த பெர்னார்தாவுக்குக் காபி போட்டேன். அச்சோவியங்களை மதிப்பிடுவது அவள் தொழில். அந்தக் காலத்தில் ஓய்வு பெறுகிறவர்களுக்குத் தொழிற்சாலை ஆளுக்கொரு லித்தோகிராஃப் கொடுக்கும்; கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்த படம், ஓவியரே பென்சிலால் கையெழுத்துப் போட்டது. எங்கள் ஊரில் பாதி வீட்டில் சோபாவுக்கு மேல் அப்படி ஒன்று தொங்கும். எங்களுடையதில் ஒரு சிவப்பு வட்டமும் இரண்டு கறுப்புக் கோடுகளும். என் மகள் கல்யாணத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்கத்தான் அவளை வரவழைத்தேன்.

அவள் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தாள். "கையெழுத்து அசல்தான். ஆனா இடது ஓரத்துல நம்பர் இருக்கணுமே? எந்தப் புண்ணியவான் ரப்பர் போட்டுத் தேய்ச்சது? தாள் பொசுபொசுன்னு கிடக்கு."

"நான்தான்" என்றார் அப்பா.

"எதுக்குப்பா?"

"டைரக்டருக்கு ஒண்ணாம் நம்பர். விக்தோருக்குப் பன்னெண்டு. எனக்குத் தொண்ணூத்தாறு. நூத்துல தொண்ணூத்தாறு! என்கிட்ட தொழில் கத்துக்கிட்டவன் பன்னெண்டு. வர்றவன் போறவன்லாம் படிக்கிற மாதிரி அதைச் சுவத்துல மாட்டச் சொல்றியா?"

பெர்னார்தா படத்தை மெதுவாக மேசையில் வைத்தாள். "ஐயா, அது ராங்க் இல்ல. அடிச்சது நூறு தாள், அதுல இது எத்தனையாவதுன்னு ஒரு அடையாளம், அவ்வளவுதான். எல்லாத்துக்கும் அதே கல்லு, அதே மை. கட்டா கொண்டுவந்து, மேல இருந்து ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்திருப்பாங்க."

அப்பாவின் முகம் காது மடல்வரை சிவந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வீம்பு, வீம்பு என்று நான் திட்டியது வீம்பே இல்லை, அவமானம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது எனக்குத் தெரியவில்லை.

"திரும்ப எழுதிக்கலாமா?" என்று கேட்டார் அப்பா.

"வேண்டாம், அப்புறம் கையெழுத்தையும் நம்ப மாட்டாங்க. தேய்ச்ச இடம் அப்படியே இருக்கட்டும். பின்னால இருக்கிற பழுப்பு அட்டைதான் தாளை அரிக்குது, அதை மாத்துங்க. வெயில் படாத சுவத்துல மாட்டுங்க."

அவள் போனதும் கார் சாவியை எடுத்தேன். "கிளம்புங்கப்பா. நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இப்பவே விக்தோர் மாமாவைப் பாத்துட்டு வந்துடலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு?" என்றார். "'நான் என்ன தப்பு பண்ணேன்'னு அவன் இருபது வருஷமா யோசிச்சுக்கிட்டு இருந்திருப்பானே, யெல்கா."