தூக்கராணியின் இதயம்

தூக்கராணியின் நாடியை மறுபடியும் பிடித்துப் பார்த்தேன். ஒரே சீராக ஓடியது. மேசைமேல் இருந்த திரையோ, இதே ஆளின் இதயம் இரவில் தடுமாறித் தடுமாறி அடிப்பதாகவும், இடையிடையே நின்று யோசிப்பதாகவும் சொன்னது. இரண்டில் ஒன்று பொய். இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. மனிதர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்ற நிறுவனங்களின் ஊழியர்களை நலமாக வைத்திருப்பதுதான் எங்கள் நிறுவனத்தின் பிழைப்பு. எங்கள் ஊழியர்களுக்கும் ஆளுக்கொரு கைப்பட்டை உண்டு. அது தூக்கத்தையும் இதயத்துடிப்பையும் கவனித்து எனக்கு அனுப்பும். நான் இங்கே உட்கார்ந்திருக்கும் நர்ஸ். நன்றாகத் தூங்குகிறவர்களுக்குப் பதவி உயர்வில் முன்னுரிமை என்று மேலிடம் அறிவித்ததும், இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் எல்லோருக்கும் போயிற்று. ஒருவர் பட்டையைத் தன் நாய்க்குக் கட்டிவிட, நாய்க்கு மன அழுத்தம் என்று அறிக்கை வந்து அவருக்கு வேலை போனது. கணக்குப் பிரிவில் இருக்கும் இவள் மட்டும் எப்போதும் முதலிடம். கண்ணுக்குக் கீழே கருவளையம் அப்பிக் கிடக்க, தூக்கத்தில் முதலிடம்! தூக்கராணி என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

விதிப்படி நான் மேலே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மண்டை குடைந்தது. இது நாயின் துடிப்பு இல்லை. யாரோ ஒரு மனிதருடையது. யார்?

"ராத்திரி பட்டையக் கழட்டுறீங்களா?"

"இல்ல சிஸ்டர். மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

திரையை அவள் பக்கம் திருப்பினேன். "இது யாருன்னு நான் கேக்கல. யாரா இருந்தாலும் இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்படியே விட்டா தூக்கத்துலயே உயிர் போயிடலாம்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று என் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரர் படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டார். எனக்குத்தான் பொட்டுத் தூக்கம் வர்றதில்ல. அதான் அவர் கைல கட்டிவிட்டேன்." குரல் உடைந்தது. "கொடுத்துவெச்ச மனுஷன்னு பக்கத்துல படுத்துக்கிட்டுப் பொறாமைப்படுவேன் சிஸ்டர்."

"இப்ப எங்க இருக்கார்?"

"கீழ. என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருப்பார். வந்தா உடனே சீட்டைச் சாய்ச்சிட்டு..."

முடிக்காமல் எழுந்தாள். கதவருகே ஒரு நொடி நின்றாள். "மேல என்ன சொல்லணுமோ சொல்லிக்கங்க."

ஜன்னலுக்கு ஓடினேன். கீழே அவள் ஒரு வெள்ளைக் காரின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால், பிறகு இரண்டு கையாலும். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடவுளே, எழுந்திருய்யா என்று வாய்விட்டே சொன்னேன்.

கதவு திறந்தது. குண்டாக ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி, என்ன ஏது என்று கேட்டுச் சிரித்தார். அவள் அவரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துவிட்டுத் தானே ஓட்டுகிற இடத்தில் ஏறினாள். ஓட்டிப் பழக்கமில்லை போலும். கார் முக்கி, துள்ளி, நின்று, மறுபடி துள்ளியது. ஒருவழியாக அது தெருவில் திரும்பியபோது, அந்த மனிதர் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, பொட்டுத் தூக்கமில்லாமல் முழித்துக்கொண்டிருந்தார்.