ஓட்டோவின் கட்டைவிரல்

ஏழாவது சுற்றில் மட்டையை உரசி வந்த பந்து, பிடிப்பவன் ஓட்டோவின் வலக் கட்டைவிரலைப் பிளந்துவிட்டது. கார்வர்ஸ்பர்க் பேஸ்பால் அணி தொடங்கிய இரண்டாம் வருஷமே கோப்பைக்கான ஆட்டம். எறிபவன் கிளெமின் பந்தை எதிரணியில் ஒருவன்கூட அதுவரை அடித்துவிட்டு ஓடவில்லை. அப்படி எறிந்துகொண்டிருப்பவனிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் ராசி போய்விடும். பெஞ்சில் கிளெமின் பக்கத்தில் உட்காரக்கூட ஆளில்லை.

மேனேஜர் ஹாலரன் ஓட்டோவின் காதருகே குனிந்தார். "கையக் காட்டுடா. மாத்து ஆள எறக்கவா?"

"கிளெம் வேகத்துக்கு அந்த மாத்து ஆளு பந்த நெஞ்சாலதான் வாங்குவான். நீங்க போய் உக்காருங்க சார்."

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டோ மறுபடி குந்தினான். ஒவ்வொரு பந்தும் இடிபோல வந்து இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். பந்தைத் தொடையில் துடைத்துத் திருப்பி எறிந்தான். ஒன்பதாவது, கடைசிச் சுற்றில் எதிரணியின் கடைசி ஆட்டக்காரனும் காற்றில் மட்டையை வீசிவிட்டு வெளியேறினான். கோப்பை கார்வர்ஸ்பர்க்குக்கு.

கிளெம் ஓடிவந்து ஓட்டோவின் கையைப் பிடித்தான். "ஏழாவதுலேருந்து பந்துல ரத்தம்டா."

"தெரிஞ்சும் அவ்ளோ வேகமாவா எறிஞ்ச, பாவி?"

"மெதுவா எறியட்டுமான்னு கேக்கத்தான் நெனச்சேன். பேசக் கூடாதே."

"கேட்டிருந்தா அங்கயே ஒதச்சிருப்பேன்" என்றான் ஓட்டோ.