இரண்டாவது அறிவிப்பு

1

இது கேட்டு வாங்கப்பட்ட கதை. கேட்டவர் என் அண்ணி. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தோம். தலையணை உறை ஒன்றை உதறிக்கொண்டே கேட்டாள்.

“நீ கதை எழுதுறவதானே. சுண்டுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எழுதிக் குடேன். நாலு வரி போதும்.”

சுண்டு அவளுடைய மகள். பதினான்கு வயது. சொல்ல வேண்டியது இதுதான்: அண்ணிக்கு இடது மார்பில் புற்றுநோய், வெள்ளிக்கிழமை காலை அறுவை சிகிச்சை. அன்றோடு பன்னிரண்டு நாட்களாக இது வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும். அண்ணி, அண்ணன், நான். சுண்டுவுக்குத் தெரியாது. (முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. சாப்பிடுகிறவளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தால் போதும்.)

நாலு வரிதானே என்று ஒப்புக்கொண்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். இன்று வியாழக்கிழமை. நாலு வரி இன்னும் வரவில்லை. அதற்குப் பதில் இது வந்திருக்கிறது. நாளைக்கு என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

(இன்னொன்று. நேரில் நான் அவளை ‘நீங்க’ என்றுதான் பேசுவேன். கதைக்குள் ‘அவள்’. பதினாறு வருடத்தில் நான் எடுத்துக்கொண்ட ஒரே உரிமை இது.)

2

முதல் தொடக்கம்: “அழைக்காமலே ஒரு விருந்தாளி அம்மாவின் உடலுக்குள்”

அதோடு நிறுத்தினேன். அண்ணி எட்டிப் பார்த்துவிட்டாள். “விருந்தாளியா? காப்பி போட்டுக் குடுக்கணுமா?”

இரண்டாம் தொடக்கம்: “மருத்துவ அறிக்கையின்படி ஒன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர் அளவுள்ள”

“இது எனக்கே புரியலையே, எழுத்தாளரே.” கோபம் வந்தால் அவள் என்னை எழுத்தாளரே என்பாள். கோபமில்லாதபோதும் அப்படித்தான் சொல்வாள்.

மூன்றாம் தொடக்கம்: “அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர்.”

இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். ஆகவே கதை இங்கிருந்து தொடங்குகிறது.

3

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். முதல் நடைமேடையின் கோடியில் கண்ணாடி வைத்த சின்ன அறை. ஒரு மைக், ஒரு தொலைபேசி, ஒரு பெரிய பதிவேடு, ஒரு மின்விசிறி. மைக்கைப் போடுமுன் விசிறியை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடைமேடை முழுவதும் புயல் அடிக்கும். சரியான நேரத்துக்கு வரும் ரயில்களைப் பதிவுசெய்த குரல் சொல்லிவிடும். தாமதம், ரத்து, நடைமேடை மாற்றம் என்று ஏதாவது கோணலானால்தான் அவள் வாயைத் திறக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் கெட்ட செய்தி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், சொந்த மகளிடம் சொல்ல நாலு வரி கேட்டு என்னிடம் வந்து நின்றாள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு வரவில்லை.

அவளுக்கென்று சில பழக்கங்கள். ‘விரைவில்’ என்ற சொல்லை மைக்கில் சொல்லமாட்டாள். “விரைவில்னா அது என்ன நேரம்? கடிகாரத்துல காட்டு பார்ப்போம்.” நேரம் தெரிந்தால் நேரத்தைச் சொல்வாள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்பாள். மாறினால், மாறிய நிமிடமே மறுபடி சொல்வாள்.

சொல்வதை எல்லாம் இரண்டு தடவை சொல்வாள். அது விதி. ஆனால் விதிக்கு அவள் வைத்திருக்கும் காரணம் வேறு.

“முதல் தடவை, ஏதோ சொல்றாங்கன்னுதான் காதுல விழும். ரெண்டாவது தடவைதான் என்ன சொல்றாங்கன்னு விழும்.”

ஜன்னலுக்கு வந்து கத்துகிறவர்கள் உண்டு. நாற்பது நிமிஷம்னு சொன்னே, ரெண்டு மணி நேரமாச்சே, பொய்யா சொல்றே? அவர்களுக்கும் ஒரே பதில்தான். “கன்ட்ரோல் ரூம்ல சொன்னதைத்தான் நான் சொன்னேன். அவங்க மாத்திச் சொன்னதும் நானும் மாத்திச் சொன்னேன். நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க.”

4

இந்தப் பகுதியை அண்ணி எடுத்துவிட்டாள்.

(அதில் அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவதாக எழுதியிருந்தேன். “அழுதேன்தான். ஆனா அது உனக்கில்ல” என்றாள்.)

5

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். முதல் நாள் இரவு பத்து மணிக்குமேல் எதுவும் சாப்பிடக் கூடாது. நகை கூடாது. நகப்பூச்சு கூடாது. முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டை நல்லது, கையைத் தூக்க வேண்டியிருக்காது.

கடைசி வரியைப் படித்ததும் அண்ணன் கடைக்கு ஓடினான். செய்வதற்கு ஒரு வேலை கிடைத்ததில் அவனுக்கு அத்தனை நிம்மதி. ஐந்து சட்டை வாங்கி வந்தான். ஐந்தும் அவன் அளவு. அண்ணி ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். உள்ளே இன்னொரு ஆள் குடியிருக்கலாம்.

“தளர்ந்த சட்டைன்னு போட்டிருந்தாங்க” என்றான் அவன். அன்று சாயங்காலம் குளிர்சாதனப் பெட்டியை இரண்டாவது முறையாகத் துடைத்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு செய்ய வேண்டிய பயிற்சி ஒன்றையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சுவரை ஒட்டி நின்று, விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். இடது கை இப்போது எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். கதவுக்குப் பக்கத்தில் சுண்டுவின் உயரத்தை வருடாவருடம் குறித்த கோடுகள் இருக்கின்றன. சந்தேகம் வராமல் இருக்க அந்த வரிசையிலேயே அவற்றுக்கு மேலே போட்டுவிட்டாள்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. மாட்டிக்கொண்டது இன்னொரு படிவத்தில். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா? என்ன உறவு? எந்த உறுப்பில்? எந்த வயதில்?

உறவு: அம்மா. அதை எழுதினாள். எந்த உறுப்பு என்று தெரியவில்லை.

நம்ப முடியவில்லை அல்லவா? நானும் நம்பவில்லை. அவளுக்குப் பதின்மூன்று வயதில் அவள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்பா சொன்னது ஒரே வாக்கியம்: “சின்னக் கட்டிம்மா, எடுத்துட்டா சரியாயிடும்.” பதினோரு மாதம் கழித்து அம்மா இறந்துபோனாள். துக்கத்துக்கு வந்த யாரோ சுவரோரம் கிசுகிசுத்தபோதுதான் புற்றுநோய் என்ற சொல்லே அவள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம்.

இப்போது அவளுடைய டாக்டரம்மா சொல்லியிருப்பது என்ன தெரியுமா? “கட்டி சின்னதுதான். எடுத்துடலாம். அக்குள்ல ஒண்ணு ரெண்டு நெறிக்கட்டியையும் எடுத்துப் பார்ப்போம். மத்ததை அந்த ரிசல்ட் வந்தப்புறம்தான் சொல்ல முடியும்.”

சின்னக் கட்டி. எடுத்துடலாம். சுண்டுவிடம் சொல்ல வேண்டிய உண்மையும், அன்று அண்ணியிடம் சொல்லப்பட்ட பொய்யும், முக்கால்வாசி ஒரே வாக்கியம். நாலு வரி கேட்டு அவள் என்னிடம் வந்தது அதனால்தான். சொல்லத் தெரியாமல் இல்லை. அந்த வாக்கியத்தைத் தொட அவளுக்குக் கை கூசியது.

6

செவ்வாய்க்கிழமை, இரண்டு ரயில்களுக்கு நடுவில் இருந்த இருபத்தைந்து நிமிடத்தில், மைக் அறையிலிருந்து அவள் தன் அப்பாவை அழைத்தாள்.

இங்கே நான் முதலில் எழுதியது: “மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். அப்பாவிடம் அவள் கேட்ட கேள்வி நான்கு நடைமேடைகளிலும் ஒலித்தது. மூட்டைகளோடு நின்றவர்கள் தலை நிமிர்ந்”

அண்ணி இதைப் படித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புற்றுநோய் என்று சொன்ன அன்றுகூட அவ்வளவு கோபம் இல்லை.

“இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் மைக்கை அணைக்க மறந்திருக்கேனா? அடி அதை.”

அடித்துவிட்டேன். மைக் அணைந்திருந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவளும் அவள் அப்பாவும் பேசியது அவர்களுக்கு மட்டுமே கேட்டது. அன்று இரவே அவள் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்.

“அப்பா, அம்மாவுக்கு எங்க வந்துது?”

“எது?”

“கட்டி.”

“எதுக்கும்மா இப்ப அதெல்லாம்?”

“ஆஸ்பத்திரி ஃபாரத்துல கேட்கறாங்க.”

“யாரோட ஃபாரம்?”

“என்னோடது.”

 பெரியவர், பக்கத்தில் யாரோ இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மார்புல. இடது பக்கம். நாப்பத்தொரு வயசு” என்றார். அவர் தனியாகத்தான் இருக்கிறார்.

அவள் எழுதிக்கொண்டாள். படிவம் முடிந்தது. அத்தோடு தொலைபேசியை வைத்திருக்கலாம்.

“ஏம்ப்பா எங்கிட்ட பொய் சொன்னீங்க?”

“பொய்யா?” அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “டாக்டர் எங்கிட்ட என்ன சொன்னாரோ அதையேதான் உங்கிட்ட சொன்னேன். சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாயிடும்னார். நானும் அப்படித்தாம்மா நம்பினேன். நாலு மாசம் கழிச்சு மாத்திச் சொன்னாங்க. அதை…”

மென்று விழுங்கினார்.

“அதை வந்து உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன்.”

இந்த இடத்தில் ஒரு நல்ல கதாசிரியர் ஒரு பத்தி எழுதுவார். ஜன்னலுக்கு வந்து கத்துகிறவர்களிடம் அவள் சொல்லும் பதிலையும், அவள் அப்பா சொன்ன பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். எனக்கும் கை அரிக்கத்தான் செய்தது. ஆனால் அண்ணிக்கு அது யாரும் காட்டாமலே தெரிந்தது. முப்பத்தொரு வருடம் அப்பாவைப் பொய்யர் என்று எண்ணியிருந்தவள், ஒரு நிமிடத்தில் அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது.

“முதல்ல சொன்னது தப்பில்லப்பா” என்றாளாம். “மாறினதைச் சொல்லாம விட்டீங்களே, அதுதான்.”

“ஆமாம்மா.”

“சரி. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஆபரேஷன். வர்றீங்களா?”

“வராம?” என்றார். உடனே அழுதுவிட்டார். அவளும்தான். பிறகு விசிறியை அணைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கைப் போட்டு, இரண்டு முப்பத்தைந்து வண்டி பதினைந்து நிமிடம் தாமதம் என்று சொன்னாள். இரண்டு தடவை.

7

முடிவுகள்.

(அ) ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. ஆறு வாரம் கழித்து அவள் பென்சில் கோட்டை விரலால் தொடுகிறாள்.

(ஆ)

(ஆ)வை நான் எழுதவில்லை. எழுதாமல் விட்ட இடத்தை அண்ணி பேனாவால் தட்டினாள்.

“ரெண்டும் வேணாம். செத்தா சோகக் கதை, பொழைச்சா உபதேசக் கதை. ஆபரேஷனுக்கு முன்னாடியே முடிச்சுடு.”

“அப்போ முடிவு இல்லாம இருக்குமே, அண்ணி.”

“எனக்கு மட்டும் இருக்கா?”

8

நேற்று, புதன்கிழமை, சுண்டுவின் பரீட்சை முடிந்தது. சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். என் சட்டைப்பையில் நாலு வரி எழுதிய தாள் இருந்தது. அது ஒன்பதாவது பிரதி. அண்ணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பஞ்சில் திரவத்தைத் தொட்டு நகப்பூச்சை அழிக்கத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை சுண்டு போட்டுவிட்டது. கருநீலம், பத்து விரலிலும்.

பையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்த சுண்டு பார்த்துவிட்டாள்.

“ஏம்மா அழிக்கறே? மூணு நாள்கூட ஆகலை!”

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் சட்டைப்பையில் கை வைத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். குப்பியை மேசைமேல் வைத்தாள். கண்ணாடிக் குப்பி, டிங் என்றது. (மைக் அறையில் அறிவிப்புக்கு முன்னால் மணி அடிப்பார்கள். அதையும் இதையும் சேர்க்க ஆசைப்பட்டேன். சேர்க்கவில்லை.) பிறகு, தாமதச் செய்தி சொல்லும் அதே குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னாள்.

“எனக்கு மார்புல புற்றுநோய் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஆபரேஷன், கட்டியை எடுக்கறாங்க. அதுக்கப்புறம் என்னன்னு டாக்டருக்கே இன்னும் தெரியாது. எனக்குத் தெரியற அன்னிக்கே உனக்கும் சொல்வேன், நல்லதோ கெட்டதோ.”

சுண்டு அவளைப் பார்த்தபடியே நின்றாள்.

“என்னம்மா?”

நான் கதவோரம் நின்றிருந்த அண்ணனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். அவன் தெருவில் நின்று அழுதான். எதிரே ஒருவர் மிதிவண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கதவைத் திறந்து கேட்க வேண்டும்போல இருந்தது. எழுத்தாளர் புத்தி. போகவில்லை.

அரை மணி நேரம் கழித்து உள்ளே வந்தபோது இருவர் கண்களும் சிவந்திருந்தன. அண்ணியின் ஒரு விரலில் மட்டும் பூச்சு இல்லை. ஒன்பதில் நீலம் அப்படியே இருந்தது. பஞ்சும் குப்பியும் சுண்டுவின் கையில்.

“ஆக்ஸிஜன் பார்க்க விரல்ல கிளிப் மாட்டறதுக்குத்தான் அழிக்கச் சொல்றாங்களாம், அத்தை. கிளிப் ஒண்ணுதானே?” என்றாள். “அதுக்கு எதுக்குப் பத்து?”

9

இன்று அண்ணி மைக் அறையில் மூன்று வாரப் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். ‘விரைவில்’ சொல்லக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தாளாம். இந்தக் கதையை இங்கே வரை படித்தாள். நாலு வரித் தாளைக் கேட்டு வாங்கி, படிக்காமல் மடித்து, ஆடுகிற மேசைக்காலின் அடியில் வைத்தாள். அது இப்போது ஆடுவதில்லை.

ஒன்பது நீல விரல்களை நாளை ஆஸ்பத்திரியில் ஒப்புக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. வேறு எதுவும் தெரியாது. கதவுக்குப் பின்னால் அவள் இரண்டாவது தடவை சொன்னதை நான் கேட்கவில்லை. ஆனால் அவளை எனக்குத் தெரியும். ஒரு சொல் கூட்டியிருக்கமாட்டாள், ஒரு சொல் குறைத்திருக்கமாட்டாள்.

அவள் சொன்னது எட்டாம் பகுதியில் இருக்கிறது. முதல் தடவை நீங்களும் சுண்டுவைப்போலத்தான் கேட்டிருப்பீர்கள். திரும்பப் போய் இன்னொரு தடவை படியுங்கள்.