ஒத்தைக்கொம்பி போகும் பட்டி

பாலசமுத்திரம்
14-9-2003

குவைத்தில் இருக்கும் தம்பி நாகேந்திரனுக்கு அண்ணன் துலுக்காணம் எழுதுவது.

ஆடுகள் சீக்குப்பட்டதை அம்சவேணி வெள்ளிக்கிழமை போனில் சொல்லியிருப்பாள். அதில் என் பங்கு என்ன என்பதை அவள் சொல்லியிருக்க மாட்டாள். அதை நானே வரிசையாக எழுதுகிறேன்.

நீ போன பிறகு மலையடிக் காட்டை உண்ணிச்செடி அடைத்துக்கொண்டது. ஆள் நுழைய வழியில்லை. கோடையில் வன சமிதிக்காரர்கள் வெட்டினார்கள். மழை விழுந்ததும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்தது. துளிர்க்கத் துளிர்க்க ஆட்டை விட்டுக் கடிக்கவைத்தால் வேர் ஓய்ந்துபோகும் என்றார் புது ரேஞ்சர். ஆட்டோடு காட்டுக்குள் கால் வைத்தால் என் கோலைப் பிடுங்கிக்கொண்டு துரத்திய இலாகா, இப்போது ஆட்டைத் தேடி வந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

மேய்ச்சல் அனுமதிச் சீட்டை உன் பெண்டாட்டி அம்சவேணி பேருக்கு எழுதினார்கள். என்னிடம் பத்தொன்பது ஆடு. அவளிடம் பலமனேர் சந்தையில் வாங்கிய நாற்பத்திரண்டு. ஒரு மாதம் பார்ப்பார்களாம். ஆடுகள் நன்றாக இருந்தால் வருஷம் முழுக்க விடுவார்களாம். இல்லையென்றால் காட்டில் ஆடு என்ற பேச்சே கிடையாதாம்.

"நான் பொறந்ததுலேர்ந்து ஆடு மேய்ச்சிக்கினு கீறேன். சீட்டு நேத்து சந்தைக்குப் போனவளுக்கா?" என்று வீட்டில் கத்தினேன்.

"கூட்டத்துல வாயத் தெறக்காம குந்திகினு இருந்துட்டு, இங்க வந்து என் காதக் கிழிக்கிற," என்றாள் உன் அண்ணி செல்லியம்மா.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்சவேணிமேல் எரிச்சல். அந்த ஆடுகளை வாங்க வைத்த உன்மேலும் கொஞ்சம்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி ஆடுகளை விட்டார்கள். நான் ஓடைக்கு எதிர்க்கரைப் புறம்போக்கில் என் ஆடுகளோடு நின்றேன். அங்கும் அதே உண்ணிச்செடிதான். அம்சவேணி ஓட்டிவந்த ஆடுகளுக்கு வயிறு ஒட்டிக் கிடந்தது. சமிதித் தலைவர் அண்ணாதுரைகூட, "இன்னாம்மா, ஆடு இப்டி வாடிக் கெடக்குது?" என்று கேட்டார்.

"பசியில வுட்டாத்தான் இந்தத் தழைய துன்னும்ணா. நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் காட்டல."

"மூளைன்னா இது மூளை!" என்றார் அவர். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆடுகள் துளிரில் விழுந்து மொட்டையடித்தன.

உண்ணித் தழை விஷம் என்று எனக்குத் தெரியும். வயிறு நிறைந்த ஆடு நாலு கடி கடித்துவிட்டு நகர்ந்துவிடும். பட்டினி ஆடு நிறுத்தாது. அதனால்தான் நான் காலையில் வேர்க்கடலைக் கொடி போட்டுவிட்டு ஓட்டுவேன். முன்னால் என் பெட்டையாடு ஒத்தைக்கொம்பி போவாள். அவள் கடித்தால் மற்றவை கடிக்கும், அவள் நகர்ந்தால் நகரும். பல பட்டிகளிலிருந்து வந்த சந்தை ஆடுகளுக்கு அப்படி முன்னே போக ஒன்று இல்லை.

சொல்லியிருக்கலாம். ஒரு கூப்பிடு தூரம்தான். முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், அவள் ஆடுகள் கெட்டால் சீட்டு என் பக்கம் வரும் என்று நினைத்தேன். மொத்தக் காடும் மூடிவிடும் என்பது தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

நான்காம் நாள் ஏழு ஆடுகள் வெயிலுக்குப் பயந்து புதர் நிழலில் ஒண்டின. காது வீங்கி, கண் மஞ்சளாகிவிட்டது. அன்று சாயங்காலம் கறுப்புக் கிடா செத்தது. அம்சவேணி நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"மாமா, நாலு நாளா எதிர்க்கரையில நின்னுகினுதான இருந்தீங்க? உங்க ஆடு ஒண்ணுகூட வாடல. இன்னா குடுக்கறீங்க?"

"மொதல்ல கொடி போட்டு வயித்த ரொப்பிட்டு ஓட்டுவேன்."

"அத அன்னிக்கே சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமா?"

"வலிச்சிச்சிம்மா," என்றேன்.

செல்லியம்மா உள்ளேயிருந்து, "இப்பவாவது எழுந்து போ," என்றாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொன்னார். மீதி ஆறு ஆடுகளையும் கொட்டகை இருட்டில் கட்டி, நானும் அவளும் வாயைப் பிளந்து ஊற்றினோம். ஆறும் பிழைத்தன. பிறகு ஒத்தைக்கொம்பியை அவள் பட்டியில் கொண்டுபோய்க் கட்டினேன். காலையில் கொடி, பிறகு காடு, முன்னால் ஒத்தைக்கொம்பி. பத்தே நாளில் சந்தை ஆடுகள் பழகிவிட்டன.

புதன்கிழமை ரேஞ்சர் வந்தார். துளிர் குறைந்திருந்தது. செத்த கிடாவைப் பற்றி அம்சவேணியே சொன்னாள்: "பட்டினி போட்டது என் தப்பு சார். வழி சொன்னது எங்க மாமா." என்றைக்குச் சொன்னேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ரேஞ்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சீட்டை வருஷம் முழுக்க நீட்டி, அவள் பேருக்குக் கீழே என் பேரையும் எழுதினார். கீழேதான்.

இவ்வளவும் உனக்குத் தெரியவேண்டும் என்று எழுதினேன். கிடா செத்தது என்னால்தான்.

இன்னொன்று. ரேஞ்சர் வந்துபோனதும் ஒத்தைக்கொம்பியைத் திரும்ப ஓட்டிவந்தேன். சாயங்காலம் காட்டிலிருந்து இரண்டு மந்தையும் சேர்ந்துதான் இறங்குகின்றன. ஓடைக்கரையில் வழி பிரியும் இடத்தில், "ஏ, வாடி" என்று நான் கூப்பிடுகிறேன். ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். பிறகு அம்சவேணி பட்டிக்குப் போய்விடுகிறாள். நான்கு நாளாக இப்படித்தான். கொடியில் உன் பெண்டாட்டி வெல்லத் தண்ணீர் தெளிக்கிறாளோ என்னவோ. நான் கேட்டால் நன்றாக இருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை பேசும்போது நீயே கேட்பதுபோலக் கேட்டு, எனக்கு எழுது.

துலுக்காணம்