ஆறாம் நம்பரைப் பாத்த ரெண்டு பேரு

ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் ஸௌஸன் ரொட்டி வாங்க கீழ இறங்குவா. மளிகைக்கடை தாஹர் மாமா தராசுக்குப் பின்னாலருந்தே கேப்பாரு, "என்னம்மா, ஸ்கோரு என்ன?"

"தெரியல மாமா."

"ஒன்றரை மணி நேரம் கண்ணு கொட்டாம பாத்திருக்க. நம்ம கிளப்பு ஜெயிச்சுதா தோத்துதான்னு தெரியாதா?"

"ஆறாம் நம்பரு பதினோரு தடவ பந்தை விட்டாரு. அது தெரியும்."

"நல்லா இருக்கு போ. கல்யாண வீட்டுக்குப் போயி மாப்பிள்ளை செருப்ப மட்டும் பாத்துட்டு வந்த கதையா."

அவரு சொல்றதும் தப்பில்ல. பிஸெர்த்தே துறைமுகத்துப் பக்கம் இருக்கற அந்த ரெண்டாம் டிவிஷன் ஃபுட்பால் கிளப்புக்கு, ஆட்டத்த அலசிச் சொல்ல ஆளு வெக்க வக்கில்ல. அதனால ஜனங்ககிட்டயே கேட்டாங்க, நீங்களே எங்களுக்குக் கண்ணா இருங்கன்னு. நூத்துச் சொச்சம் பேரு சேந்தாங்க. ஒருத்தருக்கு ஒரு ஆட்டக்காரரு. ஸ்டேடியக் கூரை மேல கிளப்பு வெச்ச கேமராவுல மைதானம் முழுக்கத் தெரியும். வீட்ல உக்காந்து அத பாத்துக்கிட்டே, தன் ஆட்டக்காரரு குடுத்த பாஸ் சரியா தப்பா, பந்தை எங்க எதிராளிகிட்ட விட்டாரு, எல்லாத்தையும் ஃபோன்ல இருக்கற ஷீட்ல தட்டணும்.

ஒரு ஆட்டக்காரருக்கு ரெண்டு பேரு. பேசி வெச்சு எழுதிடக் கூடாதுன்னு, யாரு அந்த இன்னொருத்தர்னு சொல்ல மாட்டாங்க. ரெண்டு ஷீட்டும் மூடினதும், நூத்துக்கு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு ஒரு நம்பரு வரும். எண்பதுக்குக் கீழ வந்தா ஷீட்டு குப்பை.

ஸௌஸனுக்கு மொதல்ல வந்தது தொண்ணூத்தி நாலு. அப்புறம் தொண்ணூத்தி ஆறு. அதுலருந்து இறங்கவே இல்ல.

அவளுக்கு பல் டாக்டர்கிட்ட பேரு எழுதற வேலை. வாய் வீங்கி வர்றவங்க அவகிட்ட என்னத்த கதை பேசப் போறாங்க? அம்மா மார்ஸேயில அண்ணன் வீட்டுக்குப் போனவங்க போனவங்கதான். வீட்ல ரெண்டு நாற்காலி, ஒண்ணுல எப்பவும் துணி. அந்தத் தொண்ணூத்தி ஆறு வர்றப்ப மட்டும், தான் பாத்தத இன்னொருத்தரும் அப்படியே பாத்திருக்காங்கன்னு இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவ, அவ்வளவுதான். அதுக்காக அவ சனிக்கிழமையே ஃபோனுக்கு சார்ஜ் போட்டு வெப்பா.

ஆறாம் நம்பரு பேரு ஹைதம். முப்பத்தி நாலு வயசு. கோல் விழுந்தா எல்லாரும் ஓடிப்போயி கட்டிப்பாங்க, இவரு மட்டும் நடுவட்டத்துக்குத் தனியா நடந்து வந்து, குனிஞ்சு வலது கால் சாக்ஸ இழுத்து விடுவாரு. ஸௌஸன் பாத்த கோலெல்லாம் அந்த சாக்ஸுதான்.

ஜனவரில அந்த வலது முட்டி இழுக்க ஆரம்பிச்சுது. மாசக் கடைசில யாரை வெச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்னு இந்த ஷீட்ட வெச்சுத்தான் முடிவுன்னு கிளப்பு சொல்லியிருந்துச்சு. மாசத்தோட மொத ஞாயித்துக்கிழமை அவரு குடுத்த நாலு பாஸு, பாக்கவே பாவமா இருந்துச்சு. பச்சப்புள்ள கூட அப்படிக் குடுக்காது. ஸௌஸன் விரலு தப்புங்கற கட்டத்து மேல போயி நின்னுச்சு. சரின்னு தட்டிட்டா. நாலையும்.

தட்டின அப்புறந்தான் உறைச்சுது. நம்பரு விழப்போகுது. அந்த இன்னொருத்தர் பாத்துட்டு, இவ பொய்க்காரின்னு நெனச்சுடுவாங்களே.

வந்தது தொண்ணூத்தி ஏழு.

ஷீட்டத் திறந்து பாத்தா. ஒத்துப்போன எடமெல்லாம் பச்சை. அந்த நாலு பாஸும் பச்சை. அவங்களும் பொய் சொல்லியிருக்காங்க. அதே நாலு எடத்துல.

ஸௌஸன் நாற்காலி மேல கெடந்த துணிய எடுத்து மடிச்சு உள்ள வெச்சா. எதுக்குன்னு அவளுக்கே தெரியல.

மூணு வாரம் இப்படியே போச்சு. நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை, இதையெல்லாம் பாத்துக்கற ஃபெத்தி கிளப்புலருந்து கூப்பிட்டாரு.

"தங்கச்சி, உன் ஷீட்ல ஆறாம் நம்பரு குதிரை மாதிரி ஓடுறான். கோச்சு என் மூஞ்சிக்கு நேராவே கேக்கறாரு, உன் ஆளுங்க மேட்ச பாக்கறாங்களா, தூங்கறாங்களான்னு."

"இன்னொருத்தரும் அப்படித்தானண்ணே எழுதியிருக்காங்க?"

"அதான் தலைவலியே. ஒருத்தருக்குக் கண்ணு தெரியலன்னா சமாளிக்கலாம். ரெண்டு பேருக்குமா?"

"அண்ணே, அவங்க யாரு?"

"சொல்லக் கூடாது."

"பேரு வேணாம். இந்த ஊர்தானா, அது மட்டும் சொல்லுங்க."

"வேணாம்மா, கேக்காத. இந்த ஞாயிறோட ஆறாம் நம்பரு முடிஞ்சுது. அடுத்த வாரம் உனக்குப் பத்தொம்பது. அவங்களுக்கு வேற யாரோ."

ஞாயித்துக்கிழமை ஹைதம பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. ஷீட்டு கேட்டுச்சு: 'ஆட்டக்காரர் இறங்கலை. மூடவா?' ஒரு தட்டு தட்டினா வேலை முடிஞ்சுது. ஸௌஸன் மூடல. படத்தோட கீழ் மூலைல பெஞ்சு எறும்பு வரிசை மாதிரித் தெரிஞ்சுது. ஓரத்துல முட்டி மேல துண்டு போட்டு உக்காந்திருந்தவரையே பாத்துக்கிட்டிருந்தா. நடுவுல பெஞ்சே எழுந்து குதிச்சுது. அவரு குனிஞ்சு சாக்ஸ இழுத்து விட்டாரு.

விசில் அடிச்சாச்சு. ஷீட்ல ஒரு புள்ளி இல்ல. மேல ஒரு வரி மட்டும்: 'மற்றவர் இன்னும் மூடவில்லை.'

அவ மூடாம இருந்தா. டீ ஆறிப்போச்சு. ஜன்னல்ல வெயில் போச்சு. அந்த வரி அப்படியே இருந்துச்சு. மொதல்ல மூடறது யாருன்னு ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க, எங்கயோ ஒரு வீட்ல அவங்க, இங்க இவ. ஆறு மணிக்கு எல்லா ஷீட்டையும் கிளப்பே மூடிடும். மூடிடுச்சு.

நூறு.

மாசக் கடைசில ஹைதம அனுப்பிட்டாங்க. பத்தொம்பதாம் நம்பரு சின்னப் பையன், மைதானம் பூரா ஓடினான். ஸௌஸன் கண்ணு அவன் மேல நிக்கல, பந்து பின்னாடியே போச்சு. வந்தது அறுபத்தி ரெண்டு. ஷீட்டு குப்பை.

ரொட்டி வாங்கக் கீழ போனா.

"என்னம்மா, ஸ்கோரு?"

"ரெண்டுக்கு ஒண்ணு மாமா. ஜெயிச்சுட்டோம்."

"அட! இப்பதான் மனுஷங்க பாக்கற மாதிரி பாத்திருக்க!" தாஹர் மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

அவ ரொட்டிய வாங்கிக்கிட்டு மாடி ஏறினா.